டிசைன் படிக்க எங்கே சேர்வது? ஆறு வழிகள், ஓர் ஒப்பீடு

"பொண்ணு நல்லா வரைவா, டிசைன் படிக்கணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறா. எங்கே சேர்க்கலாம்?" என்ற கேள்வி எனக்கு அதிகம் வருவது மே மாதம், பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில்தான். அதற்குள் பாதி வழிகள் அடைபட்டிருக்கும். என்.ஐ.டி. (தேசிய வடிவமைப்பு நிறுவனம்), ஐ.ஐ.டி., நிஃப்ட் (மத்திய அரசின் ஃபேஷன் கல்வி நிறுவனம்) மூன்றுக்கும் விண்ணப்பம் முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே தொடங்கிவிடுகிறது. எழுத்துத் தேர்வுகள் டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரிக்குள் நடந்து முடிகின்றன. பொதுத்தேர்வு மார்ச்சில்தான். மேயில் யோசிக்கத் தொடங்கும் வீட்டுக்குத் தனியார் கல்லூரி, விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்), அரசு கவின் கலைக் கல்லூரி ஆகிய மூன்று மட்டுமே மிஞ்சும்.

அதனால் இதைப் பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளையும், பிளஸ் டூவில் காலாண்டுத் தேர்வு முடித்தவர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். மே மாதக்காரர்களுக்கும் வழி உண்டு, அதையும் சொல்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

கல்லூரியின் பெயரைக் கடைசியில் பாருங்கள். முதலில் இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

தினமும் கை எதைத் தொடும்? டிசைன் என்ற ஒரே பெயருக்குள் துணி, தோல், மரம், மண், எழுத்து, திரை என்று வெவ்வேறு உலகங்கள் இருக்கின்றன. செயலிகளின் திரைகளை வடிவமைக்க ஆசைப்படும் பிள்ளையை நிட்வேர் (பின்னலாடை) பிரிவில் சேர்த்தால் நான்கு வருடமும் சுமைதான். "வரைவான்" என்பது போதாது. ஓய்வு நேரத்தில் எதைப் பிரித்துப் பார்க்கிறான், எதைத் தைக்கிறாள், எதைத் திரும்பத் திரும்ப வரைகிறாள் என்று கவனியுங்கள்.

முழுச் செலவு எவ்வளவு, அதை யார் கட்டுவது? கட்டணம் ஒரு பகுதிதான். நல்ல கிராஃபிக்ஸ் திறனுள்ள மடிக்கணினி, மாதிரி செய்யும் பொருட்கள், பிரின்ட் அவுட், களப்பயணம், வேறு ஊரில் சம்பளமில்லாமல் அல்லது குறைந்த தொகைக்குச் செய்யும் இன்டர்ன்ஷிப்புக்கான வாடகை எல்லாம் தனி. எந்தக் கல்லூரியானாலும் இவை வரும்.

வாசல் எப்படி? என்ன தேர்வு, எந்த மாதம், எந்த மொழி, எந்தச் சான்றிதழ்.

அடுத்த கதவு திறக்குமா? வேலைக்கோ முதுகலைக்கோ இந்தப் பட்டம் எங்கே செல்லும், எங்கே செல்லாது.

இவற்றில் இரண்டாவதுதான் தீர்மானிக்க வேண்டியது என்பது என் உறுதியான எண்ணம். கடன் வாங்கிப் படிக்கும் பிள்ளையின் முதல் வேலையை அந்தக் கடன்தான் தேர்ந்தெடுக்கிறது. 15 லட்சம் கடனைப் பத்தரை சதவீத வட்டியில் பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 20,000 ரூபாய் கட்ட வேண்டும். சென்னையில் ஒரு சிறிய ஸ்டூடியோவில் புதிதாகச் சேரும் கிராஃபிக் டிசைனருக்கு முதல் வருடம் கிடைக்கும் சம்பளமே பல இடங்களில் அதை ஒட்டித்தான் இருக்கிறது. தவணை கழுத்தில் இருக்கும்போது, கற்றுக்கொள்ள ஏற்ற இடத்தை விட்டுவிட்டு ஆயிரம் ரூபாய் கூடத் தரும் இடத்துக்குப் பிள்ளை போவான். டிசைனில் முதல் இரண்டு மூன்று வருடம் யாரிடம் வேலை கற்கிறோம் என்பது மிகப் பெரிய விஷயம்.

## என்.ஐ.டி.

திருச்சி என்.ஐ.டி. வேறு, இது வேறு. இது தேசிய வடிவமைப்பு நிறுவனம். 1961-ல் அகமதாபாத்தில் தொடங்கியது. அதற்கு அடித்தளம் போட்டது அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்ல்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1958-ல் இந்திய அரசுக்குக் கொடுத்த அறிக்கை. அந்த அறிக்கை உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டது நம் வீட்டுச் சொம்பை. எவ்வளவு தண்ணீர் கொள்ள வேண்டும், இடுப்பில் எப்படி அமர வேண்டும், ஊற்றும்போது எடை எந்தப் பக்கம் சாயும், கழுவக் கை உள்ளே போகுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் போகிறது. டிசைன் படிப்பு என்றால் என்ன என்று பெற்றோர் கேட்கும்போது நான் சொல்வது இதைத்தான். அழகாக வரைவது அதில் ஒரு சிறு பங்கு.

அகமதாபாத்தில் முதல் வருடம் எல்லாருக்கும் பொது. அதன் பிறகே கிராஃபிக், அனிமேஷன், தயாரிப்பு, மரச்சாமான், செராமிக், டெக்ஸ்டைல் என்று பிரிகிறார்கள். எந்தத் துறை என்று பதினேழு வயதில் தெளிவில்லாத பிள்ளைக்கு இது பெரிய வரம். ஆந்திரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், ஹரியானா, அசாம் ஆகிய இடங்களிலும் என்.ஐ.டி.கள் இருக்கின்றன. அவற்றில் துறைகள் குறைவு, ஆனால் நுழைவுத் தேர்வு ஒன்றுதான். அகமதாபாத் கிடைக்கவில்லை என்று ஆந்திரா என்.ஐ.டி.யை ஒதுக்குவது சரியல்ல. நமக்கு ரயிலில் ஓர் இரவுப் பயணம்தான்.

தேர்வு இரண்டு கட்டம். முதலில் எழுத்துத் தேர்வு. அதில் தேறினால் கையால் பொருள் செய்து காட்டும் ஸ்டூடியோ சோதனை. பிளஸ் டூ மதிப்பெண் இங்கே கணக்கில் வராது, தேர்ச்சி போதும். எந்தப் பிரிவு மாணவரும் எழுதலாம்.

மறைவான செலவு: அரசு நிறுவனம்தானே என்று அரசுக் கல்லூரிக் கட்டணத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். நான்கு வருடத்தில் 10 லட்சத்தைத் தாண்டும். வயது வரம்பும் இறுக்கம். பொதுப் பிரிவில் 20 வயதை ஒட்டி முடிந்துவிடுகிறது, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. "ரெண்டு வருஷம் பார்த்துட்டு எழுதலாம்" என்று இங்கே இருக்க முடியாது.

பொருளோடும் கைவினையோடும் நெருங்கி வேலை செய்ய விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இந்தியாவில் இல்லை என்பேன்.

## ஐ.ஐ.டி. பி.டெஸ்.

ஐ.ஐ.டி.யில் டிசைனா என்று இன்னும் பலர் கேட்கிறார்கள். மும்பை ஐ.ஐ.டி.யின் டிசைன் பள்ளி 1969-ல் தொடங்கியது. கவுகாத்தி ஐ.ஐ.டி. தொண்ணூறுகளிலேயே இளங்கலை டிசைன் பட்டமான பி.டெஸ். தொடங்கிவிட்டது. மும்பை, டெல்லி, ஹைதராபாத், ரூர்க்கி, ஜபல்பூர் ஐ.ஐ.ஐ.டி.டி.எம். (ஐ.ஐ.டி. அல்ல, அதே தேர்வில் சேர்க்கும் மத்திய நிறுவனம்) என்று இப்போது பட்டியல் நீண்டிருக்கிறது. எல்லாம் சேர்ந்தும் சில நூறு இடங்கள்தான்.

ஜே.இ.இ. தேவையில்லை. யூசீட் என்ற தேர்வு, ஜனவரியில், மும்பை ஐ.ஐ.டி. நடத்துவது. மூன்று மணி நேரம், 300 மதிப்பெண். 200 கணினியில், 100 தாளில் வரைந்து. சில ஐ.ஐ.டி.கள் எந்தப் பிரிவு மாணவரையும் சேர்க்கின்றன, சில இடங்களில் கணித, அறிவியல் பாடங்கள் கேட்கிறார்கள். அந்த ஆண்டின் தகவல் கையேட்டில் இந்த ஒரு வரியைத் தேடிப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். யூசீட்டை வாழ்நாளில் இரண்டு முறைதான் எழுதலாம், அதுவும் அடுத்தடுத்த வருடங்களில். சும்மா எழுதிப் பார்ப்போம் என்று ஒரு வாய்ப்பை வீணாக்கக் கூடாது.

நம் ஊரில் ஒரு குழப்பம்: சென்னை ஐ.ஐ.டி.யில் இருக்கும் எஞ்சினியரிங் டிசைன் துறை பி.டெக். தருவது, ஜே.இ.இ. வழியாகச் சேர்வது. அருமையான படிப்பு, ஆனால் இங்கே நாம் பேசும் பி.டெஸ். அல்ல.

கட்டணம் ஆண்டுக்கு இரண்டு லட்சத்தை ஒட்டி. எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் கிடையாது, வருமானம் குறைந்த குடும்பங்களுக்குப் பெரும் சலுகை உண்டு. ஏழை வீட்டுப் பிள்ளைக்குச் செலவுக் கணக்கில் இது என்.ஐ.டி.யைவிடப் பல நேரம் மலிவு என்பது பலருக்குத் தெரிவதில்லை.

தயாரிப்பு வடிவமைப்பு, செயலி, மென்பொருள் திரைகள் பக்கம் சாய்வுள்ளவர்களுக்குப் பொருந்தும். சுற்றிலும் எஞ்சினியரிங் மாணவர்கள் இருப்பதே ஒரு கல்வி. துணியும் மண்ணும்தான் உயிர் என்றால் இங்கே வராதீர்கள்.

## நிஃப்ட்

1986-ல் தொடங்கிய மத்திய ஜவுளி அமைச்சக நிறுவனம். சென்னை வளாகம் தரமணியில். ஃபேஷன் மட்டும் என்று நினைத்துப் பலர் தாண்டிப் போகிறார்கள். டெக்ஸ்டைல், நிட்வேர், தோல், அணிகலன்கள், ஃபேஷன் கம்யூனிகேஷன் என்று பிரிவுகள் இருக்கின்றன. வளாகத்துக்கு வளாகம் பிரிவுகள் மாறும்.

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு நிஃப்டில் ஓர் அனுகூலம் உண்டு. பின்னலாடைக்குத் திருப்பூர், தோலுக்கு ஆம்பூர், ராணிப்பேட்டை, பட்டுக்குக் காஞ்சிபுரம், வீட்டு உபயோகத் துணிக்குக் கரூர். படிக்கும் பொருளின் தொழிற்சாலை தமிழ்நாட்டுக்குள்ளேயே. மாணவர்களைக் கைவினைக் கிராமங்களுக்கு அனுப்பி ஆவணப்படுத்தச் சொல்லும் பாடமும் உண்டு. நெசவாளரிடம் தமிழில் நேரடியாகப் பேசத் தெரிந்த மாணவர் அங்கே கொண்டுவரும் குறிப்பே தனி.

பி.டெஸ். தேர்வில் மூன்று பகுதிகள்: படைப்புத் திறன் 50 சதவீதம், பொதுத் திறன் 30, சிச்சுவேஷன் டெஸ்ட் 20. கடைசியில் சொன்னதில்தான் நம் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். கம்பி, நூல், அட்டை, வண்ணத்தாள் என்று சில பொருட்களைக் கொடுத்து, ஒரு சூழ்நிலையைச் சொல்லி, முப்பரிமாண மாதிரி செய்யச் சொல்வார்கள். தாளிலேயே வரைந்து பழகிய கைக்கு ஒட்டு காயும் நேரம்கூடத் தெரியாது. அட்டை எந்தப் பக்கம் மடங்கும், கம்பியை எங்கே முறுக்கினால் நிற்கும் என்பதெல்லாம் மேசையில் உட்கார்ந்து பழகினால்தான் வரும். காசு கொடுத்துக் கோச்சிங் போவதற்கு முன் வீட்டிலிருக்கும் அட்டைப்பெட்டியில் பத்து மாதிரி செய்து பார்க்கலாம்.

மறைவான செலவு: கட்டணமே 10 லட்சத்துக்கு மேல் வரும், அதற்கு மேல் துணியும் தையலும் போட்டோ ஷூட்டும். வருமானம் குறைந்தவர்களுக்கு நிறுவனமே நடத்தும் நிதியுதவித் திட்டம் இருக்கிறது, முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள். பெயர்க் குழப்பத்திலும் கவனம் தேவை. திருப்பூரில் ஏற்றுமதியாளர் சங்கம் தொடங்கிய நிஃப்ட்-டீ கல்லூரி வேறு அமைப்பு. பின்னலாடைத் தொழிலுக்குள் நேராகப் போக அது நல்ல வழி, ஆனால் மத்திய அரசின் நிஃப்ட் அல்ல.

தோலிலும் காலணியிலும் ஆர்வம் இருந்தால் இருங்காட்டுக்கோட்டையில் இருக்கும் காலணி வடிவமைப்பு மேம்பாட்டு நிறுவனமான எஃப்.டி.டி.ஐ.யையும் சேர்த்துப் பாருங்கள்.

## அரசு கவின் கலைக் கல்லூரி

இதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் கேட்பவர்கள் பட்டியலில் இது இருப்பதே இல்லை.

எழும்பூரில் இருக்கும் சென்னைக் கவின் கலைக் கல்லூரி 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. நாட்டின் மிகப் பழைய கலைப் பள்ளிகளில் ஒன்று. சிற்பி ராய் சௌத்ரியும் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் முதல்வர்களாக இருந்த இடம். கும்பகோணத்திலும் ஓர் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. நான்கு வருட பி.எஃப்.ஏ. (இளங்கலைக் கவின் கலை) படிப்பு. ஓவியம், சிற்பம் மட்டுமல்ல, விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன் என்ற பிரிவும் உண்டு. சென்னையில் டெக்ஸ்டைலும் செராமிக்கும் இருக்கின்றன.

கட்டணம் ஆயிரங்களில் முடிந்துவிடும். பெயின்ட், தாள், களிமண்ணுக்கு ஆகும் செலவு அதைவிட அதிகம். சேர்க்கை பிளஸ் டூ ரிசல்ட்டுக்குப் பிறகு, வரைந்து காட்டும் தேர்வின் வழியாக. மே மாதம் விழித்துக்கொண்டவர்களுக்கும் இந்தக் கதவு திறந்திருக்கும். தமிழில் பேசி, தமிழில் கேள்வி கேட்டுப் படிக்கலாம். மாநில அரசின் இட ஒதுக்கீடு பொருந்தும்.

குறையும் உண்டு. கணினி, மென்பொருள், செயலித் திரைகள் சார்ந்த பயிற்சியைப் பெரும்பாலும் நீங்களாகத்தான் கற்க வேண்டியிருக்கும். கம்பெனிகள் வளாகத்துக்கு வந்து ஆள் எடுப்பது டிசைன் நிறுவனங்களில் நடப்பதுபோல் நடப்பதில்லை. இங்கே மறைவான செலவு உங்கள் மாலை நேரங்கள்தான்.

வேலை கேட்டு வரும் போர்ட்ஃபோலியோக்களை, அதாவது விண்ணப்பிப்பவர் செய்த வேலைகளின் தொகுப்புகளைப் பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. ஒருமுறை கும்பகோணத்தில் படித்த பெண் ஒருவர் கொண்டுவந்த நோட்டில் பதினைந்து பக்கம் முழுக்க டவுன் பஸ் முகப்புப் பலகைகள். ஒரே ஊர்ப் பெயரைப் பகலில், மழையில், எதிர்வெயிலில், இரவு விளக்கில் எப்படித் தெரிகிறது என்று வரைந்திருந்தார். 'ண', 'ன' இரண்டும் தூரத்தில் ஒன்றாகிவிடுவதைக் குறித்து, சுழிகளுக்கிடையே எவ்வளவு வெளி விட்டால் பிரிகிறது என்று நான்கு மாற்று எழுத்துகள் எழுதிப் பார்த்திருந்தார். கடைசியில் வந்த பலகை சுமார்தான். ஆனால் யோசித்த தடம் முழுவதும் அந்த நோட்டில் இருந்தது. அதே வாரம் வந்த விலையுயர்ந்த கல்லூரி ஒன்றின் மாணவர் பளபளப்பான போஸ்டர்கள் கொண்டுவந்தார். ஏன் இந்த நிறம், ஏன் இந்த எழுத்து என்று கேட்டால் பதில் இல்லை. வேலையை யாருக்குக் கொடுத்தோம் என்று சொல்லத் தேவையில்லை.

## விஸ்காம்

மூன்று வருட பி.எஸ்சி. விஷுவல் கம்யூனிகேஷன். போட்டோகிராபி, விளம்பரம், படத்தொகுப்பு, கொஞ்சம் கிராஃபிக் டிசைன். சினிமா, விளம்பரம், யூடியூப் பக்கம் மனம் போகிறவர்களுக்குச் சென்னையில் இதுவே சரியான வழி. கல்லூரி இருக்கும் ஊரும் துறை இருக்கும் ஊரும் ஒன்று என்பதால் இரண்டாம் வருடமே வேலை பழகலாம்.

பெரும்பாலான கல்லூரிகளில் இது சுயநிதிப் பிரிவு, கேமராச் செலவும் தனி. இன்னொரு விஷயம் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். முதுகலை டிசைனுக்கான சி.இ.இ.டி. தேர்வை எழுத மூன்று வருடப் பட்டம் போதும், ஆனால் சேர்க்கையின்போது நான்கு வருடப் பட்டம் கேட்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. பின்னால் எம்.டெஸ். படிக்கும் எண்ணம் இருந்தால், நான்கு வருட பி.எஃப்.ஏ. இந்த இடத்தில் கைகொடுக்கும், மூன்று வருட விஸ்காம் காலை வாரலாம்.

எம்.டெஸ். வழியைச் சிறியதாக நினைக்காதீர்கள். ரூபாய்க்கு இன்று நாம் எழுதும் குறியீட்டை வடிவமைத்த உதயகுமார் தமிழ்நாட்டுக்காரர். சென்னையில் கட்டடக்கலை படித்துவிட்டு, அதன் பிறகு மும்பை ஐ.ஐ.டி.யில் டிசைன் முதுகலையும் தமிழ் எழுத்துரு பற்றிய முனைவர் ஆய்வும் செய்தவர். இளங்கலையில் டிசைன் கிடைக்காதது முடிவல்ல.

## தனியார் டிசைன் கல்லூரி

பெங்களூரு, புனே, சென்னை என்று நிறைய. சிலவற்றில் உண்மையிலேயே சிறந்த ஆசிரியர்களும் பட்டறைகளும் இருக்கின்றன. நான்கு வருடத்துக்கு 15 முதல் 25 லட்சம் வரை ஆகும். பணம் கையில் இருந்து, நல்ல கல்லூரியாகவும் இருந்தால் தயங்க வேண்டாம்.

கடன் வாங்கித்தான் என்றால் நிறுத்தி யோசியுங்கள். வங்கிகள் வழக்கமாக 7.5 லட்சம் வரை அடமானமின்றிக் கல்விக்கடன் தருகின்றன. அதற்கு மேல் போனால் வீட்டுப் பத்திரம் கேட்பார்கள்.

சேருமுன் நேரில் போய்ப் பார்க்க வேண்டியவை: மரப்பட்டறையில் தூசி இருக்கிறதா, இயந்திரங்கள் ஓடுகின்றனவா, மூன்றாம் வருட மாணவர் ஒருவர் தன் நோட்டைக் காட்டுவாரா. கிடைக்கப்போவது பல்கலைக்கழக மானியக் குழு அங்கீகரித்த பல்கலைக்கழகத்தின் பட்டமா, வெறும் சான்றிதழா என்று எழுத்தில் வாங்குங்கள். டிசம்பர், ஜனவரியிலேயே இடம் பிடிக்கப் பணம் கட்டச் சொல்வார்கள். என்.ஐ.டி., நிஃப்ட் முடிவுகள் அதன் பிறகே வரும். இடம் மாறினால் எவ்வளவு திரும்பும் என்பதும் எழுத்தில் வேண்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | வாசல் | மொத்தச் செலவு, தோராயமாக | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|
| என்.ஐ.டி. | டிசம்பர்–ஜனவரி எழுத்துத் தேர்வு, பிறகு ஸ்டூடியோ சோதனை | 10 லட்சத்துக்கு மேல் | பொருள், கைவினை, துறை தெளிவாகாதவர் |
| ஐ.ஐ.டி. | ஜனவரி, யூசீட் | 8–12 லட்சம், சலுகையுடன் மிகக் குறைவு | தயாரிப்பு, செயலி, தொழில்நுட்பம் |
| நிஃப்ட் | ஜனவரி–பிப்ரவரி தேர்வு, பிறகு சிச்சுவேஷன் டெஸ்ட் | 10 லட்சத்துக்கு மேல் | துணி, தோல், ஃபேஷன் |
| அரசு கவின் கலை | ரிசல்ட்டுக்குப் பின், வரைதல் தேர்வு | கட்டணம் ஆயிரங்களில், பொருட்செலவு தனி | கை வலுவானவர், கடன் வேண்டாதவர் |
| விஸ்காம் | ரிசல்ட்டுக்குப் பின் | கல்லூரியைப் பொறுத்து, மூன்று வருடம் | சினிமா, விளம்பரம், ஊடகம் |
| தனியார் | கல்லூரிவாரியாக | 15–25 லட்சம் | பணம் கையிருப்பில் உள்ளவர் |

## சான்றிதழ்களும் சலுகைகளும்

மூன்று மத்திய நிறுவனங்களின் தேர்விலும் தமிழில் வினாத்தாள் கிடையாது. தமிழ்வழியில் படித்த பிள்ளை பழைய வினாத்தாள்களை இப்போதே படித்துக் கேள்வியின் ஆங்கிலத்துக்குப் பழக வேண்டும். வரைவதைவிட இதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

பி.சி., எம்.பி.சி. சான்றிதழை வைத்துக்கொண்டு மத்திய நிறுவனத்தில் ஓ.பி.சி. இடம் கேட்க முடியாது. மத்திய அரசு படிவத்தில், வருமான வரம்புக்குட்பட்டவர் என்று குறிப்பிடும் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். தேதியும் பழையதாக இருக்கக் கூடாது. தாலுகா அலுவலகத்தில் நாளாகும் என்பதால் விண்ணப்பம் தொடங்கும்போதே வேலையை ஆரம்பியுங்கள்.

அரசுப் பள்ளியில் படித்தவர்கள் முதன்மையான தேசிய நிறுவனங்களில் சேர்ந்தால் முதல் பட்டப்படிப்பின் செலவை மாநில அரசே ஏற்கும் திட்டம் இருக்கிறது. நீங்கள் சேரும் நிறுவனம் அந்தப் பட்டியலில் வருகிறதா என்று தலைமையாசிரியரிடம் கேட்டுவிடுங்கள். வந்தால் மேலே சொன்ன செலவுக் கணக்கு முழுவதும் உங்களுக்கு மாறிவிடும்.

## இரண்டு இடம் கையில் இருந்தால்

என்.ஐ.டி.யும் ஐ.ஐ.டி.யும் கிடைத்தால் கை எதைத் தொட விரும்புகிறது என்பதை மட்டும் பாருங்கள். நிஃப்ட் சென்னையும் தொலைதூர நிஃப்ட் வளாகமும் கிடைத்தால், ஊரைவிடப் பிரிவுக்கே முதலிடம் கொடுங்கள். விரும்பாத பிரிவில் தரமணியில் படிப்பதைவிட விரும்பிய பிரிவில் ஷில்லாங்கில் படிக்கலாம்.

கடினமான முடிவு ஒன்றுதான்: எழும்பூரில் கவின் கலை இடம் ஒரு கையில், கடனுக்கு வாங்கும் தனியார் இடம் மறு கையில். வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போகிறது என்றால் நான் எழும்பூரையே சொல்வேன். மிச்சமாகும் பணத்தில் ஒரு நல்ல மடிக்கணினி வாங்குங்கள். இரண்டாம் வருட விடுமுறையில் ஓர் அச்சகத்திலோ ஸ்டூடியோவிலோ உட்காரவையுங்கள். மூன்றாம் வருடம் முதல் சி.இ.இ.டி. வினாத்தாள்களைப் பார்க்கத் தொடங்கலாம்.

ஒரு வருடம் காத்திருந்து மறுபடி எழுதலாமா என்றும் கேட்கிறார்கள். யூசீட்டில் இரண்டாவது வாய்ப்பு மிச்சமிருந்து, முதல் முறை வரைதல் பகுதியில் மட்டும் பின்தங்கியிருந்தால் எழுதலாம். அந்த வருடம் சும்மா போகாமல் எங்காவது கைவேலை பழகும் ஏற்பாடு இருக்க வேண்டும். அது இல்லையென்றால், கிடைத்த கவின் கலை இடத்தில் சேர்ந்து படித்துக்கொண்டே எழுதட்டும்.